எடைக்காரியின் பலகை

பெர்லினுக்குத் தெற்கே, மணல் பூமி.
அஸ்பாரகஸ் தண்டுகளுக்கு நான் எடை போடுகிறவள்.
பண்ணைக்காரர் ஹென்னிங் லூடெக்கெ
சுண்ணாம்புக்கட்டியை என்னிடம் நீட்டினார்:
"எழுது, பொகுமீவா. எல்லார் மொழியிலும்.
நாளை முதல் வேலை இல்லை."

ஜூன் இருபத்துமூன்று. விடிந்தால் யோவான் திருநாள்.
அதற்குமேல் அறுத்தால்
அடுத்த வருஷம் வேர் முகம் திருப்பிக்கொள்ளும்.

போஸ்னானில் இரண்டு வருஷம் மொழியியல் படித்தேன்.
பாதியில் நின்றது. அப்பாவின் சிறுநீரகம், வங்கிக் கடன்,
எல்லார் வீட்டிலும் இருப்பதுதான்.
படித்ததில் காசுக்கு உதவாதது மட்டும் மறக்கவில்லை:
எந்தச் சொல்லுக்கு எது வேர்.

முதல் வரி ஜெர்மன். ஆர்பைட்.
தோண்டினால் அடியில் ஓர் அனாதைப் பிள்ளை,
பெற்றவர்கள் போனபின்
யார் வீட்டிலோ சோற்றுக்குப் பாடுபடுவது.
அடுத்தது பல்கேரியன். ரபோத்தா.
அதே பிள்ளைதான்.
கிழக்கே போய், வளர்ந்து, அடிமையானது.
ராதோஸ்தினிடம் இதை நான் சொன்னதில்லை.
ஒரு நாளில் நூற்றெழுபது கிலோ அறுக்கிறவன்.
அடிமை என்றால் கத்தியோடு வருவான்.

மூன்றாவது ருமேனியன். முங்கா.
நான்காவது ஹங்கேரியன். அதுவும் முங்கா.
இங்கே விரல் கொஞ்சம் தயங்கியது.
எங்கள் மொழியில் மெங்கா என்றால் வதை.
பெரிய வெள்ளியன்று தேவாலயத்தில்
ஆண்டவரின் மெங்காவை வாசிப்பார்கள்,
கால் கடுக்க நின்று கேட்போம்.
ஸ்லாவியர் வாயிலிருந்து அந்தச் சொல்லை
இரண்டு நாட்டாரும் எப்போதோ கடன் வாங்கினார்கள்.
சிலுவையை வாங்கிப்போய்
மண்வெட்டிக்குக் காம்பாகப் போட்டுக்கொண்டார்கள்.

ஏப்ரலில், வந்த முதல் நாள்,
இலிங்கா வரப்பைப் பார்த்துச் சொன்னாள்:
முல்த்தா முங்கா!
எத்தனை வதை என்று என் காதில் விழுந்தது.
பதறி என் தேநீரை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.
வேலை நிறைய இருக்கிறது என்று
சந்தோஷப்பட்டிருக்கிறாள், பாவம்.

பிரெஞ்சுக்காரர் இங்கே இல்லை.
இருந்தால் அவர்களுக்கும் ஒரு வரி, த்ரவாய்:
மூன்று கழி நட்டு மனிதனைக் கட்டிப்போட்ட கருவியாம்.
அதை ஒப்பாத பண்டிதரும் உண்டு.
எனக்கும் பாதி நம்பிக்கைதான்.

என் மொழிக்குக் கடைசி வரி.
தாளில் எழுதினால் ப்ராத்சா.
முதுகு வலிக்கும்போது ரொபோத்தா,
மறுபடி அந்த அனாதை.

நாலடி தள்ளி நின்று படித்தேன்.
நாளை முதல் அனாதை இல்லை.
நாளை முதல் அடிமை இல்லை.
நாளை முதல் வதை இல்லை, வதை இல்லை.
தேவதூதன் எக்காளம் ஊதி அறிவிக்க வேண்டியது.
நான் சுண்ணாம்பில்,
உரமூட்டை அடுக்குக்கு மேலே,
கொஞ்சம் கோணலாக.

ஐந்து மணிக்கு வந்தார்கள். படித்தார்கள்.
ஒருவரும் தொப்பியைத் தூக்கி எறியவில்லை.
கெர்கோ விரல் விட்டு எண்ணினான்:
கூரைக்கு இன்னும் பதினோரு நாள் கூலி குறைகிறது.
ராதோஸ்தின் கத்தியைக் கழுவினான்,
துடைத்தான், மறுபடியும் கழுவினான்.

இலிங்கா பலகையை நெருங்கினாள்.
"தப்பாக எழுதியிருக்கிறாய்."
சுண்ணாம்புக்கட்டியை வாங்கி
முங்காவின் கடைசி எழுத்துக்கு மேலே
நான் விட்டுவிட்ட சின்ன வளைவைப் போட்டாள்.
விரலால் ஓரத்தைத் துடைத்துச் சரிசெய்தாள்.

பிறகு, என்னைப் பார்க்காமலே:
"வேறெங்காவது முங்கா கிடைக்குமா, பொகுமீவா?
ஸ்ட்ராபெரி, முட்டைக்கோஸ், எதுவானாலும்?"

ஃபிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தேன்.
அடியில் ஒரு மிடறு இருந்தது.